மூன்று சூட்டுக்கோல்

ஈயம் உருகவில்லை.

காசிராஜன் சால்டரிங் அயர்னின் மூக்கை ஈயக்கம்பியின் மேல் வைத்து அழுத்தினார். ஈயம் வளைந்து கொடுத்ததே தவிர இளகவில்லை. எடுத்து ஊதிப் பார்த்தார். ஊதினால் விறகடுப்புதான் எரியும், இது எரியாது என்று அவருக்கும் தெரியும். வேறு என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.

"என்னத்தப் போட்டு ஊதுறீக?" என்றாள் பரிபூரணம், அடுப்படியிலிருந்து.

"கரண்டு கம்மி."

"என்னைக்கு ஜாஸ்தியா இருந்துச்சு?"

அவள் சொன்னதும் சரிதான். ராஜபாளையத்துத் தெருக்களில் இன்னும் டி.வி. வராத எண்பத்தைந்தாம் வருஷம் அது. பொழுது சாய்ந்தால் கரண்டும் கூடவே சாய்ந்துவிடும். மில்லுகள் ஒரு பக்கம் இழுக்கும், தோட்டத்து மோட்டார்கள் ஒரு பக்கம் இழுக்கும், மிச்சம் மீதிதான் வீடுகளுக்கு. குண்டு பல்பு பழுத்த எலுமிச்சம்பழம் மாதிரித் தொங்கிக்கொண்டிருக்கும். ஊர் அடங்கிய பிறகு அதே கரண்டு வெறிபிடித்து ஏறும்.

காசிராஜன் ஒரு பேண்டேஜ் துணிக் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவர். ஆபீசில் பேசமாட்டார்; வீட்டில் அதைவிடப் பேசமாட்டார். கல்யாணமாகிப் பதினெட்டு வருஷம், பிள்ளை இல்லை. முதல் வருஷத்தில் பேசிய பேச்சு தேய்ந்து தேய்ந்து "குடை எங்க", "உப்பு கம்மி" என்ற அளவில் வந்து நின்றிருந்தது. கோபதாபம் ஒன்றும் கிடையாது. சொல்ல வந்த வார்த்தை தொண்டைவரை வந்து அங்கேயே குடியிருந்துவிடும், அவ்வளவுதான். கம்பெனி விட்டு வந்தால் முன்னறை மேஜையில் ரேடியோ உதிரிச் சாமான்களைப் பரப்பிக்கொண்டு உட்காருவார். பரிபூரணம் அடுப்படியில் ரேடியோவைப் போட்டுக்கொண்டு உட்காருவாள். நடுவில் ஒரு கதவு. அதைச் சாத்தியதும் இல்லை, தாண்டியதும் இல்லை.

ஒருநாள் செய்தி வாசிக்கிறவரின் குரலைக் கேட்டுக்கொண்டே கஞ்சி வடித்தவள், "நீங்க ரேடியோக்காரராப் பொறந்திருந்தா, ஒங்க வாயிலருந்து நாலு வார்த்தை நானும் கேட்டிருப்பேன்" என்று சொன்னாள். சொன்ன நிமிஷமே அவள் மறந்துவிட்டாள். அவர் மறக்கவில்லை.

அந்த மாதத்து எலக்ட்ரானிக்ஸ் பத்திரிகை ஒன்றில் ஒரு சர்க்யூட் வந்திருந்தது. கம்பியில்லா மைக். பேட்டரியில் ஓடும். முன்னறையில் இருந்து பேசினால் அடுப்படி ரேடியோவில் கேட்கும் என்று போட்டிருந்தான். காசிராஜன் சாமான்களை எல்லாம் வாங்கிவிட்டார். என்ன பேசுவது என்பதையும் மனசுக்குள் எழுதித் திருத்தி வைத்துவிட்டார். பரிபூரணத்திடம் மூச்சு விடவில்லை. ஈயத்தை உருக்கிப் பத்தவைக்க வேண்டியது மட்டும்தான் பாக்கி.

ஈயம்தான் உருகவில்லை.

பஞ்சு மார்க்கெட் பக்கம் ரேடியோ சாமான் கடை வைத்திருந்த சங்கிலிப்பாண்டி, அவர் கொண்டுவந்த அயர்னைக் கையில் எடுத்து, செத்த எலியைப் பார்ப்பதுபோலப் பார்த்தான்.

"இருபத்தஞ்சு வாட்டு. இது கரண்டு ஒழுங்கா வர்ற ஊருக்கு அண்ணாச்சி."

"நீங்கதான குடுத்தீக."

"நீங்கதான கேட்டீக. நம்ம ஊருக்கு அறுபத்தஞ்சு வாட்டு. ஈயம் என்ன, வெண்கலமே ஓடும்."

அறுபத்தைந்து வாட்டு வந்தது. வாழைப்பூ அளவுக்குத் தடியாக இருந்தது. லீவு நாள் காலையில், கரண்டு நன்றாக இருந்த நேரத்தில், காசிராஜன் முதல் டிரான்சிஸ்டரைப் பத்தவைத்தார். ஈயம் ஓடியது. கூடவே போர்டில் இருந்த செப்புக்கோடும் உரிந்துகொண்டு ஓடியது. டிரான்சிஸ்டர் ஒரு சின்ன வாடையோடு உயிரை விட்டது.

"அடக்கணும் அண்ணாச்சி" என்றான் சங்கிலிப்பாண்டி. "சூட்ட அடக்குற பெட்டியோட சேர்ந்து வாரது பேருதான் ஸ்டேஷன். நீங்க எவ்வளவு சூடு சொல்றீகளோ அவ்வளவுல நிக்கும். ஜப்பான்காரன் செஞ்சது."

கண்ணாடி அலமாரிக்குள் அது சாமி மாதிரி இருந்தது. விலையைச் சொன்னான். காசிராஜனின் ஒரு மாதச் சம்பளம்.

"வேற வழி?"

"ஏழைக்கு ஏத்த ஸ்டேஷன் ஒண்ணு இருக்கு. வீட்டுல ஃபேன் இருக்கா?"

"இருக்கு."

"ஃபேனுக்கு ரெகுலேட்டர் இருக்கும்ல?"

அன்று சாயங்காலம் காசிராஜன் சுவரில் இருந்த ஃபேன் ரெகுலேட்டரைக் கழற்றி மேஜைக்குக் கொண்டுவந்து, சால்டரிங் அயர்னோடு சேர்த்துக்கட்டினார். ஒன்றில் வைத்தால் மிதமாகச் சுட்டது. ஐந்தில் வைத்தால் கொதித்தது. ஃபேனை நேராகக் கரண்டில் கொடுத்துவிட்டார்.

பங்குனி வெயில் காலம். சாயங்காலம் கரண்டு கம்மியானதால் ஃபேன் யோசித்து யோசித்துச் சுற்றியது. ஊர் அடங்கியதும் கரண்டு ஏற, ஃபேன் பேய் பிடித்ததுபோலச் சுற்ற ஆரம்பித்தது. காலண்டர் கிழிந்து பறந்தது. பரிபூரணம் எழுந்து ஜமுக்காளத்தை இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தாள்.

"ஒண்ணு புழுக்கம், இல்லைன்னா புயலு. நடுவுல ஒண்ணும் கெடையாதா இந்த வீட்டுல?"

"கொஞ்ச நாளைக்குத்தான்."

"அப்படி என்னதான் செய்றீக அந்தச் சூட்டுக்கோல வச்சு?"

சொல்லியிருக்கலாம். அப்போதே சொல்லியிருந்தால் இந்தக் கதையே இல்லை கண்ணுகளா. அவர் வாயைத் திறந்தார். "சும்மாதான்" என்று வந்தது.

அயர்னை வைக்க ஸ்டாண்டு கிடையாது. கவிழ்த்துப் போட்ட டம்ளர் மேல் சாய்த்து வைப்பார். மம்சாபுரத்தில் ஒரு கல்யாணம் என்று பரிபூரணம் பெட்டியில் இருந்து ஒரு பட்டுச்சேலையை எடுத்து மேஜையருகே நாற்காலியில் வைத்துவிட்டுத் தலைபின்னப் போனாள். கத்தரிப்பூ நிறம், சின்னச் சின்னக் கட்டம். அவளுடைய அம்மா சாகுமுன் கடைசியாக எடுத்துக் கொடுத்தது. டம்ளர் நழுவியது, அயர்ன் உருண்டது.

ஒரே ஒரு சூடுதான். ஆனால் மடித்து வைத்த சேலை. பிரித்தபோது சேலையின் நடுவில் வரிசையாக ஓட்டை.

பரிபூரணம் கத்தவில்லை. சேலையை மறுபடியும் அதே மடிப்பில் மடித்தாள். பையில் வைத்தாள். ஸ்ரீவில்லிபுத்தூரில் தேரடிப் பக்கம் உரக்கடை வைத்திருக்கும் அண்ணன் பொன்னுராஜ் வீட்டுக்குப் போகிறேன் என்றாள்.

"எப்ப வருவ?"

"அந்தச் சூட்டுக்கோலும் நானும் ஒரு வீட்டுல இருக்க முடியாது. எது வேணும்னு யோசிச்சு வைங்க."

வேணும் என்பதைச் சொல்லத்தான் அந்தச் சூட்டுக்கோலே. அதை எப்படிச் சொல்வது என்று அவர் யோசித்து முடிப்பதற்குள் பஸ் போய்விட்டது.

அதன் பிறகு வீடு ஓவென்று கிடந்தது. காசிராஜன் பிடிவாதமாக உட்கார்ந்து வேலையை முடித்தார். இதை முடித்துவிட்டுத்தான் அவளைக் கூப்பிட வேண்டும். அவள் உள்ளே நுழைந்து ரேடியோவைப் போட்டதும் அதில் தன் குரல் வர வேண்டும். அது ஒன்றுதான் அவருக்குத் தெரிந்த வழி.

பத்திரிகையில் போட்டிருந்த செய்முறை இது: மைக்கில் விடாமல் பேசிக்கொண்டே ட்ரிம்மர் என்ற குட்டித் திருகைத் திருப்ப வேண்டும், சின்ன பல்பு எந்த இடத்தில் பளிச்சென்று எரிகிறதோ அங்கே நிறுத்த வேண்டும்.

சாயங்காலம் ஏழு மணி. அடுப்படி ரேடியோவைப் போட்டுவிட்டு வந்து, "ஒன்று, இரண்டு" என்று மைக்கில் ஆரம்பித்தார். ரேடியோ ஊஊ என்று நாய் மாதிரி ஊளையிட்டது. காது வலித்தது. ஓடிப்போய் அமர்த்தினார். ரேடியோ இல்லாமலே திருகைத் திருப்பினார். பல்பு மினுக்கியது. ஒன்றிலிருந்து நூறுவரை எண்ணினார். நூறிலிருந்து ஒன்றுவரை எண்ணினார். விடாமல் பேசவேண்டும் என்று போட்டிருக்கிறானே, எண்ணிக்கொண்டே இருந்தால் மனுஷனுக்குப் பைத்தியம் பிடிக்காதா. ஆளில்லாத வீடுதானே என்று வாய்க்கு வந்ததைப் பேச ஆரம்பித்தார்.

"ஓட்டல் சாப்பாடு ஒத்துக்கல. நெஞ்செரிச்சலா இருக்கு. நேத்து ராத்திரி கண்ணசரல. சட்டைய இஸ்திரிக்குப் போட்டா பொத்தானு ஒடஞ்சு வருது. இஸ்திரிக்கார மாரிசாமிகிட்டச் சொன்னா வருத்தப்படுவான். பொத்தான் இல்லாமலே போட்டுக்கிறேன். ஆபீசுல யாரு பாக்கா."

அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. இவ்வளவு நீளமாக அவர் பேசிப் பல வருஷமாகியிருந்தது.

மறுபடி ரேடியோவைப் போட்டார். மறுபடி ஊளை.

மறுநாள் காலையில் பக்கத்து வீட்டுச் சுந்தரம்மாள் ஒரு சொம்போடு வந்து நின்றாள். சாதாரணமாக அவள் இந்த வீட்டு வாசல் மிதிக்கிறவள் இல்லை. போன மாதம் அவள் மகளுக்கு வளைகாப்பு என்று தெருவெல்லாம் சொல்லிவிட்டுப் பரிபூரணத்துக்கு மட்டும் சொல்லாமல் விட்டாள். பிள்ளை இல்லாதவள் வளையல் போடக்கூடாது என்பது அவள் கணக்கு. அப்புறம் மகளுக்கு உடம்பு சரியில்லாமல் போய் அந்த விசேஷமே தள்ளிப்போயிருந்தது.

"சீரகக் கசாயம் அண்ணாச்சி. நெஞ்செரிச்சலுக்குக் கேக்கும்."

"எனக்கு நெஞ்செரிச்சல்னு எப்படி..."

"மொகத்தப் பாத்தாத் தெரியாதா" என்று தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டாள்.

அவள் போனதும் கண்ணாடியில் முகத்தைப் பார்த்தார். பொண்டாட்டி போனவன் முகம் இப்படித்தான் இருக்கும்போல என்று நினைத்துக்கொண்டார்.

தெருமுனை வேப்பமரத்தடியில் இஸ்திரி வண்டி. மாரிசாமி இவர் வருவதைக் கண்டதும் வண்டிக் கொக்கியில் தொங்கிய சின்ன ரேடியோவை அவசரமாக அமர்த்தினான். சட்டைகளை எடுத்து நீட்டினான். எல்லாச் சட்டையிலும் புதுப் பொத்தான் தைத்திருந்தது.

"இது என்னப்பா?"

"சும்மாதான் அண்ணாச்சி. எங்க வீட்டுக்காரி தச்சா." அவன் இவர் முகத்தைப் பார்க்கவில்லை. "சாப்பாட்ட மட்டும் விட்டுராதீக."

ஊரே பரிதாபப்படும் நிலைமைக்கு வந்துவிட்டோமே என்று காசிராஜன் சட்டைகளை அக்குளில் இடுக்கிக்கொண்டு நடந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ் ஏறினார். வழியெல்லாம் வார்த்தைகளைச் சரிபார்த்துக்கொண்டே போனார். பொன்னுராஜ் நாற்காலி போட்டான். காபி வந்தது. கதவுக்கு அந்தப் பக்கம் பரிபூரணத்தின் நிழல் தெரிந்தது.

"சொல்லுங்க மாப்ள" என்றான் பொன்னுராஜ்.

காசிராஜன் காபியைக் குடித்தார்.

"ஏதோ சொல்ல வந்தீகளே."

"பஸ்ஸுல கூட்டமா இருந்துச்சு."

"அப்படியா. பொறவு?"

"உக்கார எடம் கெடைக்கல."

கதவுக்குப் பின்னால் இருந்த நிழல் கொஞ்ச நேரம் காத்திருந்தது. பிறகு உள்ளே போய்விட்டது. பொன்னுராஜ் அவரைப் பஸ் ஸ்டாண்டுவரை கொண்டுவந்து விட்டான். "இந்தத் தடவையாவது உக்கார எடம் கெடைக்கட்டும்" என்றான். அவன் கிண்டல் செய்கிறானா, வருத்தப்படுகிறானா என்று தெரியவில்லை. இடம் கிடைத்தது. ஜன்னலோர இடம். வீடுவரை வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

மறுநாள் சங்கிலிப்பாண்டியின் கடை.

"மைக்கு வேலை செய்யலப்பா. ரேடியோ ஊளையிடுது."

"ஊளையா? ஈயம் வச்ச பத்து சரியில்ல." யோசிக்காமல் சொன்னான். கண் வலி என்று யாராவது போயிருந்தாலும் அவன் அதையேதான் சொல்லியிருப்பான். மைக்கும் ரேடியோவும் ஒரே வீட்டில் இருந்தால் ஊளைதான் வரும் என்பது இரண்டு பேருக்கும் தெரியாது. "மேலாப்புல ஒட்டியிருக்கும், உள்ளுக்குள்ள ஒட்டியிருக்காது. ஃபேன் ரெகுலேட்டர வச்சுப் பத்தவச்சா அப்படித்தான்."

"நீங்கதான அத..."

"ஏழைக்குன்னு சொன்னேன் அண்ணாச்சி. ஊளைக்குன்னு சொன்னேனா. ஸ்டேஷன்தான் வேணும்."

ஜப்பான் ஸ்டேஷனை மறுபடியும் பார்த்தார்கள். இருவரும் பெருமூச்சு விட்டார்கள். அப்புறம் சங்கிலிப்பாண்டி பலகைக்கு அடியில் குனிந்து ஒரு சாக்குப்பையை இழுத்தான். உள்ளே பழைய ஸ்டேஷன் ஒன்று. எங்கோ ஒரு ஃபாக்டரியில் கழித்துப் போட்டதை எடைக்கு வாங்கியது. இரும்புப் பெட்டி, சுருள்கம்பி ஸ்டாண்டு, துடைக்கிற பஞ்சு, எல்லாம் இருந்தது. சூடு வைக்கிற டயலில் மட்டும் எண்கள் தேய்ந்து வழவழவென்று இருந்தது.

"எவ்வளவு சூடுன்னு எப்படித் தெரியும்?"

"எண்ணுதான அழிஞ்சிருக்கு, சூடா அழிஞ்சிருக்கு? உத்தேசமாத் திருப்புங்க. நீங்க குடும்பம் நடத்தலையா."

காசிராஜன் சுருள்கம்பி ஸ்டாண்டைத் தொட்டுப் பார்த்தார். இந்த ஒரு கம்பி முன்னாலேயே இருந்திருந்தால் அந்தச் சேலை பிழைத்திருக்கும். தன் சைக்கிளைச் சங்கிலிப்பாண்டியிடம் விட்டுவிட்டு, சாக்குப்பையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். கம்பெனிக்கு நடந்துபோனால் உடம்புக்கு நல்லது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். உடம்பு நம்பவில்லை.

"ஏரியலையும் பெருசு பண்ணுங்க" என்று பின்னாலிருந்து கத்தினான் சங்கிலிப்பாண்டி. "மாடியில துணி காயப்போடுற கம்பி இருக்கும்ல, அதுல சேத்துப் பத்தவைங்க."

அந்த ஸ்டேஷனில் ஈயம் வெண்ணெய் மாதிரி ஓடியது. பழைய பத்து எல்லாவற்றையும் பிரித்து மறுபடி வைத்தார். கொடிக்கம்பியிலும் சேர்த்துப் பத்தவைத்தார். ஏழு மணிக்கு மைக்கை வைத்துக்கொண்டு திருகைத் திருப்பியபோது, பல்பு இதுவரை இல்லாத வெளிச்சத்தில் எரிந்தது. சந்தோஷத்தோடு ரேடியோவைப் போட்டார்.

ஊளை முன்னைவிடப் பலமாக வந்தது.

அமர்த்திவிட்டு வந்து மேஜைமுன் உட்கார்ந்தார். சைக்கிள் போய்விட்டது. சேலை போய்விட்டது. அவளும் போய்விட்டாள். ஊளை மட்டும் இருக்கிறது. இருந்தாலும் தினமும் ஏழு மணிக்கு உட்கார்ந்து, திருகைத் துளித்துளியாய்த் திருப்பிக்கொண்டு, விடாமல் பேசிப் பார்த்தார். பேச்சு பழகிவிட்டது. உண்மையைச் சொன்னால், அந்த நேரத்துக்காகவே பகலெல்லாம் காத்திருந்தார்.

"முத்துராமலிங்கம் சார் ஹெட் கிளார்க்கு. கூட்டினா ஒருநாளும் கணக்கு நேராகாது. நான் போட்டுக் குடுத்ததத்தான் தான் போட்டதா மொதலாளிகிட்டக் காட்டுறாரு. காட்டட்டும். நான் சொல்லி என்ன ஆகப்போகுது."

இன்னொரு நாள்:

"அந்தச் சேலை மாதிரி ஒண்ணு கெடைக்குமான்னு கடை கடையா ஏறுனேன். என்ன நெறம்னு கேக்கான். கத்தரிப்பூ நெறம்னு சொன்னேன். பத்து சேலை எடுத்துப் போட்டான். ஒண்ணும் அது இல்ல. அவ கட்டியிருக்கும்போது இருந்த நெறம்னு கடையில எப்படிச் சொல்ல."

அப்புறம் ஒரு நாள், திருகைத் தொடாமலே:

"பிள்ளை இல்லைன்னா ஊரு அவளத்தான் கேக்குது. வளைகாப்புக்குச் சொல்ல மாட்டேங்காக. மதுரையில டாக்டரு கொறை என்கிட்டத்தான்னு சொன்னாரு. நான் வெளிய சொல்லல. நான் சொல்லலைங்கிறதுக்காக அவளும் சொல்லல. இம்புட்டு வருசமா அவதான் சொமக்கா. இதத்தான் அவகிட்டச் சொல்லணும். அவ சொமக்கிறது எனக்குத் தெரியும்னு சொல்லணும். மொகத்தப் பாத்தா வரமாட்டேங்குது. ரேடியோவுல வந்தாக் கேப்பா. அதுக்குத்தான் இம்புட்டும்."

மைக்கை அமர்த்திவிட்டுக் காற்று வாங்க வாசலுக்கு வந்தார். தெரு விசித்திரமாக இருந்தது. ஒரு வீட்டிலும் ரேடியோச் சத்தம் இல்லை. வாசலில் உட்கார்ந்திருந்த பெண்கள் இவரைக் கண்டதும் எழுந்து உள்ளே போனார்கள். சுந்தரம்மாள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு கதவைச் சாத்தினாள். என் முகத்தில் விழிக்கவே ஊருக்குப் பிடிக்கவில்லை என்று காசிராஜன் திரும்பி உள்ளே வந்தார்.

ஆபீசிலும் சோதனை. பக்கத்துத் தெருவில் குடியிருக்கும் ஹெட் கிளார்க் முத்துராமலிங்கம், காரணம் எதுவும் சொல்லாமல், அவரைக் கணக்கு மேஜையிலிருந்து எடுத்து கோடவுனுக்கு அனுப்பினார்.

"நான் என்ன சார் தப்புப் பண்ணேன்?"

"நீங்க நல்லாக் கூட்டுவீகளாமே. துணி மூட்டைய எண்ணிக் கூட்டுங்க."

கோடவுனில் பஞ்சுத்தூசி. தும்மிக்கொண்டே வீட்டுக்கு நடந்தார். இன்றோடு இந்தச் சனியனைத் தலைமுழுக வேண்டும் என்று தீர்மானித்தபடி வாசலுக்கு வந்தால், கதவு திறந்திருந்தது.

பரிபூரணம் கூடத்தில் நின்றாள். அந்தக் கத்தரிப்பூச் சேலையைக் கட்டியிருந்தாள்.

அவர் செருப்பைக் கழற்ற மறந்து நின்றார்.

"ஓட்டையெல்லாம் கொசுவத்துக்குள்ள போயிருச்சு" என்றாள். "வெளிய ஒண்ணுந் தெரியல. பாருங்க."

பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை.

"எப்படி வந்த?"

"பஸ்ஸுலதான். உக்கார எடம் கெடச்சுச்சு."

அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். எதையோ எதிர்பார்க்கிறவள் மாதிரி. காசிராஜனுக்கு நெஞ்சு நிறைய இருந்தது. தினமும் ஏழு மணிக்குத் தண்ணீர்போல வந்த வார்த்தைகளில் ஒன்றாவது வரும் என்று வாயைத் திறந்தார்.

"மழை வரும் போலருக்கு" என்றார்.

பங்குனி மாதத்தில்.

அவள் வந்துவிட்டாள் என்பதே போதும் என்று அவர் அன்றே மேஜையைக் காலி செய்தார். அந்த ஸ்டேஷனைக் கடைசியாக ஒருமுறை சுடவைத்து, மைக்கின் ஒவ்வொரு உறுப்பாகப் பிரித்து எடுத்தார். கழற்றுவதற்கு அது அருமையாக வேலை செய்தது. மூன்று சூட்டுக்கோல்களையும் சாக்குப்பையில் கட்டிப் பரணில் ஏற்றினார். ரெகுலேட்டரைச் சுவரில் மாட்டினார். ஃபேன் நிதானமாகச் சுற்றியது.

"எல்லாத்தையும் எடுத்து வச்சுட்டீகளா?" என்றாள் அவள்.

"ம்."

"மைக்கா என்னமோ செஞ்சீகளே, அது?"

"அது சரிப்பட்டு வரல."

மைக் என்று தான் அவளிடம் எப்போது சொன்னோம் என்று அவருக்கு ஒரு நிமிஷம் சந்தேகம் வந்தது. சொல்லியிருப்போம் என்று விட்டுவிட்டார்.

மறுநாள் சுந்தரம்மாள் வெற்றிலை பாக்கோடு வந்தாள். தள்ளிப்போன வளைகாப்பு வெள்ளிக்கிழமை என்றாள். "மொத வளையல் நீதான் போடணும் தாயி" என்று பரிபூரணத்தின் கையைப் பிடித்துக்கொண்டாள். சுந்தரம்மாளுக்கு என்ன வந்தது என்று காசிராஜனுக்குப் புரியவில்லை. பரிபூரணம் அதைக் கேட்டு ஆச்சரியப்படாததும் புரியவில்லை.

ஆனால் வீடு பழைய வீடாகவே இருந்தது. "குடை எங்க." "உப்பு சரியா இருக்கு." ஏழு மணி ஆனால் அவள் வேலையெல்லாம் போட்டுவிட்டு ரேடியோமுன் உட்கார்ந்தாள். முள்ளை மெல்ல மெல்ல நகர்த்தினாள். ஸ்டேஷன் எதுவும் இல்லாத இடத்தில் நிறுத்தி, இரைச்சலைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"என்ன தேடுற?"

"ஒண்ணுமில்ல."

"செய்தி முடிஞ்சிருச்சே."

"தெரியும்."

அவரையும் ரேடியோவையும் மாறி மாறிப் பார்ப்பாள். பிறகு அமர்த்திவிட்டு எழுந்துபோவாள். இன்னும் கோபம் தீரவில்லை என்று அவர் நினைத்தார். சில நாள் இப்படிப் போனது. வளைகாப்புக்குப் போய்விட்டு வந்த மறுநாள் சாயங்காலம், அவள் கொடியில் இருந்த சேலைகளை எடுத்து மடித்துக்கொண்டிருந்தாள். பை பக்கத்தில் இருந்தது.

"அண்ணன் வீட்டுக்கு ஒரு எட்டுப் போயிட்டு வரட்டுமா?"

போகாதே என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான், ஒரே வார்த்தை.

"சரி" என்றார்.

அதற்கு மேல் அங்கே நிற்க முடியாமல், இஸ்திரி போட வேண்டிய சட்டைகளை அள்ளிக்கொண்டு தெருமுனைக்கு நடந்தார். மாரிசாமி வண்டியில் விளக்கேற்றியிருந்தான். கொக்கியில் தொங்கிய சின்ன ரேடியோ இரைந்துகொண்டிருந்தது. பாட்டு இல்லை, பேச்சு இல்லை, வெறும் இரைச்சல். இந்தத் தடவை அவன் அதை அமர்த்தவில்லை.

"ஸ்டேஷன் எதும் எடுக்கலையா மாரிசாமி?" என்றார் காசிராஜன், ஏதாவது பேச வேண்டுமே என்று.

மாரிசாமி பெட்டியைக் கீழே வைத்தான். பிறகு, இனிமேல் சொல்லாமல் இருந்து பிரயோஜனம் இல்லை என்பதுபோலச் சொன்னான்:

"சொன்னா நிப்பாட்டிருவீகன்னுதான் அண்ணாச்சி தெருவுல ஒருத்தரும் வாயத் தெறக்கல, நீங்க என்னடான்னா சொல்லாமலே நிப்பாட்டிட்டீக, ஏழு மணிக்கு ஒங்க பேச்சு வருதுன்னு எங்க வீட்டுக்காரி ஸ்ரீவில்லிபுத்தூர் வரைக்கும் போய்ச் சொல்லி, அதக் கேக்கத்தான மதினி வந்தாக."